முகம் சுருங்கிய வரலாறு: தட்டைமுக நாய்களும் மனிதர் பொறுப்பும்

மகாவம்சம் கூறும் விசயன் வருகைக் கதையில், இந்நாட்டுக் கரையில் இறங்கியோர் முன் தோன்றும் உயிர்களுள் ஒன்று நாயாகும். குவேனியின் பணிப்பெண்ணான இயக்கி ஒருத்தி பெண்நாய் வடிவில் அவர்கள் முன் வந்தாள் என்றும், நாய் திரியும் இடத்தில் ஊர் இருத்தல் வேண்டும் எனக் கருதிய ஒருவன் தலைவனின் தடையையும் மீறி அதன்பின் சென்றான் என்றும் அந்நூல் உரைக்கின்றது. கதையில் புனைவு மிகுதி. ஆயினும் அத்தோழன் கொண்ட அனுமானம் புனைவன்று. நாய் உள்ள இடத்தில் மனிதர் இருப்பர் என்பது பல்லாயிரம் ஆண்டு அனுபவத்தில் விளைந்த முடிபாகும். மனிதனோடு அத்துணை நெருங்கி வாழ்ந்த அவ்விலங்கின் உடலை மனிதன் எவ்வாறு மாற்றினான் என்பதும் வரலாற்று மாணவனின் ஆய்வுக்கு உரியதே.

அக்குறணை போன்றதோர் ஊரிலிருந்து நாய்களைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரில் வீட்டினுள் நாய் வளர்ப்போர் மிகச் சிலரே. எனினும் கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை ஆகிய அயலிடங்களில் முகம் தட்டையான சிறு நாய்களை மோட்டார் வண்டிகளின் கண்ணாடிக்குப் பின்னால் அடிக்கடி காண்கின்றோம். நாய் புகாத வீடுகளிலும் அதே வகை முகம் படைத்த பாரசீகப் பூனை இன்று அரிய காட்சியன்று. அம்முகம் இயற்கை தந்த முகமா, மனிதர் வரைந்த முகமா? மனிதர் வரைந்ததாயின் அதனால் அவ்வுயிர் அடையும் துன்பத்துக்குப் பொறுப்பாளர் யாவர்? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயலால் அறியப்பட்ட நாய்

பழங்காலத்தில் நாய் அதன் செயலால் மதிக்கப்பட்டது. இதற்குத் தமிழ்நாட்டில் கல்லில் பொறித்த சான்று உண்டு. செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரன் ஒருவனின் மறைவைக் கூறும் அக்கல்வெட்டு, கோவிவன் என்னும் பெயருடைய அவனது நாய் கள்வரைக் கடித்து நின்ற செய்தியையும் கூறுகின்றது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் இடம்பெற்றுள்ளது. நாய்க்குப் பெயர் இருந்தது; அப்பெயரை ஊர் நினைவில் வைக்க விரும்பியது; நினைவுக்குக் காரணம் அது செய்த செயல். அதன் நிறமோ மூக்கின் அளவோ அங்கு பேசப்படவில்லை.

இலங்கையின் மலைநாட்டிலும் நிலை இவ்வாறே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், மரை வேட்டைக்கென நாய்க் கூட்டமொன்றை வைத்திருந்தார். அவ்வேட்டை பற்றிய அவரது நூல் 1850களில் இலண்டனில் வெளிவந்தது. அவ்வேட்டையின் நன்மை தீமை வேறு பொருள். நாம் ஈண்டு நோக்கற்பாலது, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காட்டில் மரையைத் துரத்தும் நாய்க்கு நீண்ட மூச்சும் கூரிய மோப்பமும் இன்றியமையாதவை என்பதே. மூச்சு முட்டும் நாய் வேட்டைக்கு உதவாது. எனவே அதன் வழியில் குட்டிகளை எவரும் விரும்பியிரார். தொழிலே தெரிவு செய்தது. தொழிலே உடலைக் காத்தது.

காட்சி மேடையும் எழுதப்பட்ட விதியும்

இவ்வுறவு மாறியது 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் ஆகும். அங்கு காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் கடிக்கவிடும் கொடிய விளையாட்டு நெடுங்காலம் நிலவியது. அதற்கென வளர்க்கப்பட்டதே புல்டோக் எனப்படும் நாய். 1835இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இவ்விளையாட்டைத் தடைசெய்தது. தொழில் இழந்த நாய் அழிந்திருத்தல் கூடும். ஆனால் அதனைப் புதியதோர் அரங்கு ஏற்றுக்கொண்டது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடைபெற்றது. 1873இல் இலண்டனில் கெனல் கிளப் என்னும் நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது. 1875இல் புல்டோக்குக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் தலை எவ்வாறு இருத்தல் வேண்டும், மூக்கு எங்கு அமைதல் வேண்டும் என்னும் இலக்கணங்கள் எழுதப்பட்டன. வம்சாவளிப் பதிவேடுகள் திறக்கப்பட்டன.

தொழில் ஒரு நாயை மதிப்பிடும்போது மிகைக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. காட்சி மேடையில் அவ்வெல்லை இல்லை. நடுவர் ஒருவர் குறுகிய முகத்துக்குப் பரிசு அளித்தால், அடுத்த ஆண்டு அதனினும் குறுகிய முகம் மேடைக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் ஏற்படும் மாற்றம் நெல்மணியின் அளவேயாயினும், நூறு ஆண்டுகளில் மண்டையோடே மாறிவிடும்.

இம்மாற்றத்தை அறிய எழுத்துச் சான்றுகள் மட்டுமன்றி ஓவியங்களும் துணைசெய்கின்றன. வில்லியம் ஹோகாத் என்னும் ஆங்கில ஓவியர் 1745இல் தம் உருவத்தைத் தாமே வரைந்தபோது, தாம் வளர்த்த பக் இன நாயையும் முன்னே இருத்தி வரைந்தார். அந்நாய்க்குத் தெளிவாக வெளிநீண்ட மூக்கும் நிமிர்ந்த காலும் உண்டு. இன்று பக் எனப்படும் நாயின் அருகில் அதனை நிறுத்தினால் இரண்டும் ஒரே இனம் என்று பலர் நம்பமாட்டார்.

இவ்வின நாய்களின் பயணம் நம் தீவின் வரலாற்றோடும் தொடர்புடையது. சீனத்தில் தோன்றிய பக் நாய், ஒல்லாந்தரின் கீழைத்தேய வணிகம் ஓங்கிய காலத்தில் ஐரோப்பாவை அடைந்தது எனக் கருதப்படுகின்றது. இலங்கையின் கரையோரங்களை 17ஆம் நூற்றாண்டில் கைப்பற்றி 1796 வரை ஆண்டதும் அவ்வொல்லாந்தக் கம்பனியே. கறுவாவும் பட்டும் சென்ற காலத்தில் செல்வர் மடிக்கு நாயும் சென்றது. பீக்கினீஸ் என்னும் மற்றொரு தட்டைமுக இனத்தின் வருகை இதனினும் கசப்பானது. 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரின் கோடைகால அரண்மனையைச் சூறையாடியபோது அங்கிருந்த சிறு நாய்களையும் எடுத்துச் சென்றன. அவற்றுள் ஒன்று விக்டோரியா மகாராணிக்கு அளிக்கப்பட்டது. கொள்ளைப் பொருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ‘லூட்டி’ எனப் பெயரும் இடப்பட்டது. பேரரசின் கொள்ளை, வரவேற்பறையின் அழகுப் பொருளாயிற்று.

ஒடுங்கிய ஓடை

தட்டைமுகத்தால் விளையும் தீங்கை விளங்கிக்கொள்ள அக்குறணையில் வாழ்வோர்க்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் ஊரின் ஊடே பாயும் பிங்கா ஓயாவை நினைத்தல் போதும். பெருமழை பெய்யும் காலத்தில் அவ்வோடை கரைகடந்து கண்டி–மாத்தளை வீதியையும் கடைகளையும் மூழ்கடிப்பதை நாம் பலமுறை கண்டுள்ளோம். கரையோரத்தை நிரப்பிக் கட்டடங்கள் எழுந்தமை அதற்குரிய காரணங்களுள் முதன்மையாகச் சுட்டப்படுகின்றது. ஓடை ஒடுங்கியது, மலையிலிருந்து இறங்கும் நீரோ குறையவில்லை.

தட்டைமுக நாயின் தலையில் நிகழ்ந்ததும் இதுவே. தெரிவினால் என்பு குறுகியது. அவ்வென்பின் உள்ளே அமைந்த மென்தசைகள் அதே விகிதத்தில் குறுகவில்லை. நாசித்துளைகள் வெறும் கீறல்களாக ஒடுங்கின. மென்னண்ணம் அளவுக்கு மிஞ்சி நீண்டு குரல்வளை வாயிலை அடைக்கின்றது. மூக்கினுள் சுருண்ட மென்னென்புகள் காற்று செல்லும் வழியில் நெருங்கி நிற்கின்றன. சில நாய்களில் மூச்சுக்குழாயே இயல்பினும் சிறுத்துள்ளது. அடைபட்ட வழியில் காற்றை வலிந்து இழுப்பதால் குரல்வளையின் திசுக்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல நோய் முற்றுகின்றது. இதனைக் குறுந்தலை மூச்சுத்தடை நோய் என மிருக வைத்தியர் வழங்குவர். பலர் வேடிக்கையாகக் கருதும் குறட்டை ஒலி, பெரும்பாலும் இவ்வடைப்பின் ஒலியேயாகும்.

நாய்க்கு மூச்சு உயிர்வளி தருவது மட்டுமன்று; உடலைக் குளிர்விப்பதும் அதுவே. மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்க்கும் ஆற்றல் நாய்க்கு இல்லை. நாவை நீட்டி இளைத்து, ஈரத்தை ஆவியாக்கியே அது வெப்பத்தை வெளியேற்றுகின்றது. காற்றில் ஈரப்பதன் மிகுந்த நாளில் இவ்வழி மேலும் தளர்கின்றது. குளிர்நாட்டிலேயே இடர்ப்படும் இந்நாய், நம் போன்ற வெப்ப ஈரவலய நாட்டில் நண்பகலில் சிறிது தூரம் நடந்தாலும் உயிராபத்தை எதிர்நோக்குதல் கூடும். விமானப் பயணத்தில் இவ்வாபத்து கண்கூடாகியது. அமெரிக்காவில் 2005 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் விமானங்களின் சரக்கறையில் கொண்டுசெல்லப்பட்ட 122 நாய்கள் இறந்ததாக அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் 2010இல் வெளியிட்டது. அவற்றுள் ஏறக்குறையப் பாதி குறுமுக இனத்தன. பின்னர் விமானக் கம்பனிகள் பல இவ்வினங்களை ஏற்க மறுத்தன.

தீங்கு மூச்சோடு நிற்பதில்லை. நாய்க்கு இயல்பாக 42 பற்கள் உண்டு. தாடை குறுகியபோது அவை நெருங்கியும் திரும்பியும் முளைக்கின்றன. கண்குழி ஆழம் குறைந்தமையால் விழி வெளியே பிதுங்கி எளிதிற் புண்ணாகின்றது. முகத்தின் மடிப்புக்களில் ஈரம் தங்கித் தோல் அழுகுகின்றது. சுருண்ட வாலுக்கெனத் தெரிவுசெய்த இனங்களில் முதுகெலும்பின் கணுக்கள் பிறழ்ந்து அமைகின்றன. பெரிய தலையும் ஒடுங்கிய இடுப்பும் சேர்ந்தமையால் ஈனுதல் கூட இடர்ப்பாடாயிற்று. 2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றின்படி புல்டோக், பிரெஞ்சு புல்டோக், பொஸ்டன் டெரியர் ஆகிய இனங்களில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்ட ஈற்றுக்கள் வயிற்றைக் கீறிச் செய்யும் சத்திரசிகிச்சையால் நிகழ்ந்தன. சத்திரசிகிச்சைக் கத்தியின்றித் தன் மரபைத் தொடர இயலாத ஓரினத்தை மனிதன் ஆக்கியுள்ளான்.

குருதியின் குறுக்கம்

பரிசு பெற்ற ஆண்நாய் ஒன்றின் குட்டிகளையே அனைவரும் விரும்புவர். பதிவேடு மூடியிருப்பதால் புதுக்குருதி வெளியிலிருந்து வர வழியில்லை. இதனால் பெருந்தொகை நாய்கள் சிறுதொகை முன்னோரின் வழியினவாகின்றன. இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட முடிபு இதனை விளக்கும். பிரித்தானியாவின் ஏறத்தாழ 10,000 பக் நாய்களின் மரபு வேறுபாடு, தொடர்பற்ற 50 நாய்களின் வேறுபாட்டுக்கே சமமாக இருந்தது. பதினாயிரம் பேர் வாழும் ஓரூரில் ஐம்பது பேரின் மரபே நிலைத்துள்ளது என எண்ணிப் பார்ப்பின் இதன் பொருள் விளங்கும். மறைந்து கிடக்கும் குறைபாடுகள் தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒருங்கே சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு இங்கு மிகுதி.

அவ்வாண்டிலேயே பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய விவரணப் படமொன்று, காட்சி மேடையின் வெற்றி நாய்களிற் பல நோயுற்றவை எனப் பொதுமக்களுக்குக் காட்டியது. அதனைத் தொடர்ந்து புகழ்பெற்ற கிரப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்புவதை அந்நிறுவனம் கைவிட்டது. 2009இல் கெனல் கிளப் பல இனங்களின் இலக்கணத்தைத் திருத்தியது. பெற்றோர்–குட்டி, உடன்பிறப்பு ஆகிய சேர்க்கைகளிற் பிறந்தவற்றைப் பதிய மறுத்தது. எழுத்தால் வந்த தீங்கை எழுத்தால் குறைக்கலாம் என்பதற்கு இது முதற்சான்று. ஆயினும் காலம் கடந்த சான்று.

விளம்பரமும் வேட்கையும்

வளர்ப்போரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. வாங்குவோர் இல்லாத சந்தையில் விற்போரும் இல்லை. இதற்கு அண்மைக்கால இந்திய வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும். 2003இல் ஹட்ச் என்னும் தொலைபேசி நிறுவனம், சிறுவன் ஒருவன் செல்லுமிடமெல்லாம் பக் நாயொன்று பின்தொடரும் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் வெளியிட்டது. செல்லுமிடமெல்லாம் தொலைபேசித் தொடர்பும் வரும் என்பது அதன் கருத்து. மக்கள் மனத்திற் பதிந்ததோ நாயின் முகம். அதன்பின் இந்தியாவில் அவ்வின நாய்களுக்கான தேவையும் விலையும் பெருகின. சென்னையின் வெயிலிலும் டில்லியின் கோடையிலும் மூச்சு முட்டும் நாய்கள் அடுக்குமாடிகளில் வளர்க்கப்பட்டன. அவ்விளம்பரம் தென்னிந்தியத் தொலைக்காட்சி பார்க்கும் இலங்கைத் தமிழ்பேசும் வீடுகளுக்கும் புதிதன்று.

மேலைநாட்டிலும் இவ்வேட்கை தணியவில்லை. தட்டைமுகத்தின் கேடுகள் பற்றிப் பத்தாண்டுக் காலம் பேசப்பட்ட பின்னரும், 2018இல் பிரெஞ்சு புல்டோக் இனம் லப்ரடோர் இனத்தை முந்திப் பிரித்தானியப் பதிவுகளில் முதலிடம் பெற்றது. அறிவு பெருகியும் நடத்தை மாறாமைக்குக் காரணம் யாது? பெரிய கண், உருண்ட தலை, குறுகிய மூக்கு ஆகியவை மனிதக் குழவியின் முகத்தை நினைவூட்டுகின்றன. நம் அன்பே அவ்வுயிருக்குப் பகையாகின்றது.

2012இல் வெளியான மற்றோர் ஆய்வு இதனினும் சிந்திக்கத்தக்கது. மூச்சுத்தடையின் அறிகுறிகள் தம் நாயிடம் அடிக்கடி காணப்படுவதாகக் கூறிய உரிமையாளரில் நூற்றுக்கு 58 பேர், தம் நாய்க்கு மூச்சு நோய் எதுவும் இல்லை என்றே கருதினர். குறட்டையும் இளைப்பும் அவ்வினத்துக்கு இயல்பு என்பது அவர்தம் எண்ணம். நோய் இனத்தின் இலக்கணமாகிவிட்டபோது நோயாளியைக் காண்பார் எவருமிலர்.

சட்டம் கண்டதும் காணாததும்

இலங்கைச் சட்ட வரலாற்றை நோக்கினால், நாய் பற்றிய சட்டங்கள் ஒரு குறித்த அச்சத்திலிருந்து எழுந்தமை புலப்படும். 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாயால் மனிதனுக்கு வரும் ஆபத்தைத் தடுக்கவே இயற்றப்பட்டன. விசர்நோயின் கொடுமையை நோக்க அவை தேவையானவையே. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குகளுக்கெதிரான கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டமே மனிதனால் விலங்குக்கு வரும் ஆபத்தை முதன்மையாகக் கருதியது. ஆயினும் அடித்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், பட்டினியிடல் போன்ற கண்ணாற் காணும் கொடுமைகளே அதன் பொருளாயின. அது விதித்த தண்டப்பணத்தின் உச்ச அளவு 100 ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் நெடுங்காலம் நிறைவேறாது கிடந்தது.

இங்கு நாம் ஒன்றை உணர்தல் வேண்டும். பிறந்த விலங்கை அடிப்பது கொடுமை எனச் சட்டம் அறியும். பிறக்கப்போகும் விலங்கு மூச்சுவிட இயலாதவாறு அதன் பெற்றோரைத் தெரிந்து சேர்ப்பது கொடுமை எனப் பழைய சட்டங்கள் அறியவில்லை. பிறப்புக்கு முன்னரே இழைக்கப்படும் இக்கொடுமையில் சாட்டை இல்லை, குருதி இல்லை, சாட்சியும் இல்லை. இழைப்பவரும் தம்மை விலங்கின் அன்பர் என்றே கருதுவர்.

சில நாடுகள் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றுள்ளன. பெற்ற விலங்குக்கோ குட்டிக்கோ தீங்கு விளைக்கும் இனப்பெருக்கத்தை ஒல்லாந்து 2014இல் சட்டத்தால் தடுத்தது. 2019இல் அதற்குரிய அளவுகோல்களை வகுத்து, மண்டையோட்டோடு ஒப்பிட மூக்கு மிகக் குறுகிய நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கியது. நோர்வேயில் 2022 சனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம், ஆங்கிலேயப் புல்டோக், கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் ஆகிய இரு இனங்களின் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் புல்டோக் பற்றிய பகுதியை மாற்றியது. இந்தியாவில் 2017இல் வெளியான நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வளர்ப்போர் பதிவைக் கட்டாயமாக்கின; எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளை விற்பதைத் தடுத்தன. 2024இல் தமிழ்நாட்டரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களுள் பக், பிரெஞ்சு புல்டோக் ஆகியவற்றையும் சேர்த்து அவற்றின் இனப்பெருக்கத்தை விலக்க முனைந்தது. நாய் வளர்ப்போர் கழகம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியதனால் அக்கொள்கை வழக்குக்கு உள்ளாயிற்று.

எதிர்வாதங்கள்

வளர்ப்போர் தரப்பிலும் வாதங்கள் உண்டு. பொறுப்புள்ள வளர்ப்போரைத் தடுத்தால் பதிவும் சோதனையும் அற்ற கள்ளச் சந்தையே பெருகும் என்பர். இவ்வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. வெறுந்தடை போதாது என்பதையே அது காட்டுகின்றது. தடையே வேண்டாம் என்பதை அன்று. தொன்மையான இனங்களை அழித்தல் தகாது என்பது மற்றொரு வாதம். ஹோகாத்தின் ஓவியமே இதற்கு மறுமொழி. பக் தொன்மையானது; இன்றைய பக்கின் முகம் தொன்மையானதன்று. நீண்ட மூக்கை மீட்பது இனத்தை அதன் பழைய வடிவுக்கு இட்டுச் செல்வதேயாகும்.

தூய குருதியில் பிற குருதி கலத்தல் ஆகாது என்பது மூன்றாம் வாதம். டல்மேஷன் இன வரலாறு இதற்கு விடை தரும். அவ்வின நாய்களைச் சிறுநீர்க் கல் நோய்க்கு உள்ளாக்கும் மரபுக் குறையை நீக்க, 1973இல் அமெரிக்க மரபியலறிஞர் ஒருவர் அதனைப் பொயின்டர் இனத்தோடு ஒருமுறை கலந்தார். சில தலைமுறைகளுள் புள்ளியும் தோற்றமும் மீண்டன, நோய்க்குறை நீங்கியது. ஆயினும் அவ்வழி நாய்களைப் பிரித்தானியக் கழகம் பதிவேட்டில் ஏற்க 2010 வரை செல்லவேண்டியதாயிற்று. விஞ்ஞானத்துக்குச் சில ஆண்டுகளே தேவைப்பட்டன. பெருமிதம் விட்டுக்கொடுக்க முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

மேலைநாட்டாரை மட்டும் சுட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிடலும் ஆகாது. நம் தமிழ் மரபின் பெருமையாகப் பேசப்படும் இராசபாளையம் நாயில் தூய வெண்ணிறத்தையே விரும்பித் தெரிந்தமையால் செவிட்டுக் குட்டிகள் மிகுதியாகப் பிறக்கின்றன. காவல் நாய்க்குக் காது கேளாமை எத்துணைக் குறை! அழகை அளவுகோலாகக் கொண்ட இடமெல்லாம் இத்தீங்கு நேர்ந்துள்ளது.

பொறுப்பு யாருடையது

பிங்கா ஓயாவின் கரையில் எழுந்த எந்தவொரு சுவரும் தனியாக வெள்ளத்தை வருவித்திராது. ஒவ்வொருவரும் ஓரடி நிலமே எடுத்தனர். ஆதலின் எவரும் தம்மைக் குற்றவாளியாகக் கருதவில்லை. தட்டைமுகத்தின் வரலாறும் அத்தகையதே. பரிசளித்த நடுவர், சேர்த்த வளர்ப்பாளர், விலைகொடுத்த குடும்பம், விளம்பரம் செய்த நிறுவனம் ஆகிய அனைவரும் ஒவ்வோர் அடி எடுத்தனர். பொறுப்பும் அவ்வாறே பகிரப்படல் வேண்டும்.

வளர்ப்பாளரின் கடமை, மூச்சுச் சோதனையில் தேறாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமையாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கெனல் கிளப்பும் 2019இல் தொடங்கிய சோதனை முறை இதற்கு உதவும். நாயின் மூச்சொலியை மருத்துவர் செவிமானியால் கேட்பர். மூன்று நிமிடம் விரைநடையில் ஓடவிட்டு மீண்டும் கேட்பர். பின்னர் சுழி முதல் மூன்று வரை தரமிடுவர். மூன்றாம் தரத்து நாய் குட்டி ஈனுதல் தகாது. இதற்குப் பெரும் பொறிகள் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவியே வேண்டும். மிருக வைத்தியர் பயின்று வெளிவரும் பீடமும் போதனா வைத்தியசாலையும் பேராதனையிலேயே உள்ளன. இச்சோதனை இந்நாட்டில் வழக்கமாதற்கு அதனினும் தக்க இடம் வேறில்லை.

வாங்குவோரின் கடமை, குட்டியின் தாயைக் கண்டு, அதன் மூச்சைக் கேட்டு, அதன்பின் முடிவு செய்தலாகும். அமைதியாக இருக்கும்போதும் மூச்சு ஒலிக்கும் தாயின் குட்டியை வாங்காமையே ஒருவர் செய்யக்கூடிய பெருநன்மை. ஏற்கெனவே இத்தகைய நாயை வளர்ப்போர் அதனைக் கைவிடல் கொடிது. உடற்பருமன் ஏறாது காத்தலும், வெயிலில் நடத்தாமையும், கழுத்துப்பட்டிக்குப் பதில் மார்புப்பட்டி அணிவித்தலும், மூச்சு முட்டின் மருத்துவரிடம் காட்டிச் சத்திரசிகிச்சை பற்றி அறிதலும் அவர் கடமை. துணை வேண்டுவோர்க்கு நம் வீதிகளில் பிறக்கும் நாட்டு நாய்கள் உண்டு. அவற்றின் மூக்கை எந்தச் சங்கமும் வரையறுக்கவில்லை. வெயிலும் மழையும் பசியுமே அவற்றைத் தெரிவு செய்தன.

நாய் வளர்க்காத நம் ஊராருக்கும் இதில் பங்கு உண்டு. 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பூனைக் கண்காட்சியின் பின் பாரசீகப் பூனையும் நாய் சென்ற வழியே சென்றது. ஓயாது நீர் வடியும் கண்ணும் ஒடுங்கிய மூக்கும் அதன் இனப்பண்பு எனக் கருதி நாம் துடைத்துவிடுகின்றோம். குட்டி ஒன்றைக் கேட்டு வாங்கும் நாம் அம்முகத்துக்கு வாக்களிக்கின்றோம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தாகத்தால் நாவை நீட்டி இளைத்து ஈரமண்ணை நக்கிய நாய் ஒன்றுக்குக் கிணற்றில் இறங்கி நீர் முகந்து ஊட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழியை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். அந்நாயின் இளைப்புக்கு நீர் மருந்தாயிற்று. இன்று மனிதர் ஆக்கிய நாயின் இளைப்பு நீரால் தீர்வதன்று. அதனைத் தீர்க்கும் வழி, அவ்விளைப்போடு பிறக்கும் அடுத்த குட்டியைத் தோற்றுவியாதிருத்தலே. நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர் எழுதிய விதியே அம்முகத்தைச் சுருக்கியது. ஆதலின் அதனை நீட்டும் விதியையும் மனிதரே எழுதுதல் கடமையாகும்.